தாண்டிக்குடி வளைவில் ஓர் ஆயில் டப்பா

கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மலையில் மழை ஓய்ந்தும் ஓயாத நேரம். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒன்பது பேரைத் தாண்டிக்குடிக்கு வரவழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆள், என் தம்பி. அவன் வீட்டை விட்டுப் போய் அப்போது மூன்று வருடம் முடிந்திருந்தது. அவனை வரவழைக்கத்தான் அந்தக் கூட்டத்தையே கூட்டினேன். வந்தவர்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

என்ன கூட்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு ஒன்றைப் போட்டு எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிட வேண்டும். ஊர் பேர் தெரியாத யாரோ போனைப் பிடித்துக்கொண்டு வந்து தேடி, டப்பாவைக் கண்டுபிடித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். பிறகு இணையத்திலும் ஒரு வரி எழுதுவார். அவ்வளவுதான். பரிசு கிடையாது. வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதில் எனக்கும் பெரிய மாற்றுக் கருத்து இல்லை.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், இப்போது டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ். ஒரு நாள் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, வெறும் எண்களாக இருந்த ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்தார். அப்போது கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் தம்பி, அது என்ன எண் என்று அவரை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டான். அவன் தாண்டிக்குடி எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுபவன். காபி மூட்டை, மிளகு மூட்டை, சமயத்தில் பிரசவத்துக்குப் போகிற பெண்கள், எல்லாம் அவன் வண்டியில்தான். அன்று சாயங்காலமே அந்த விளையாட்டின் இணையதளத்தில் எனக்கு ஒரு கணக்கு, அவனுக்கு ஒரு கணக்கு என்று தொடங்கிவிட்டான். டைப் அடிக்க அவனுக்குச் சோம்பல். அதனால் நாங்கள் வைக்கும் டப்பா என் பெயரில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

டப்பாவைச் செய்தது அவன். கறுத்துப்போன பழைய இன்ஜின் ஆயில் டப்பா ஒன்றின் அடியை அறுத்து, அதற்குள் தண்ணீர் புகாத திருகுமூடி டப்பா ஒன்றைச் செருகினான். வெளியே கிரீஸைத் தடவி, மண்ணில் புரட்டி எடுத்தான். பார்த்தால் எவனோ வண்டியிலிருந்து வீசிய குப்பை. தாண்டிக்குடிக்கு முந்தின வளைவு ஒன்றில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், கல் அடுக்கிக் கட்டிய எஸ்டேட் கையாலையில் ஒரு கல் சரிந்த சந்து இருக்கிறது. அதில் வைத்தான்.

"குப்பைன்னு நெனச்சு ஒருத்தனும் தொட மாட்டான்க்கா" என்றான். அவன் அவ்வளவு பெருமையாக வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் அல்ல.

அம்மா இறந்த அன்று அவன் அந்த டப்பாவிடம்தான் இருந்தான். முந்தின நாள் யாரோ ஒருவர் இணையத்தில், நோட்டு நனைந்துவிட்டது, மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார். என் பெயரில் உள்ள டப்பாவைப் பற்றிக் குறை எழுதினால் எனக்குப் பிடிக்காது. காலையில் தம்பியை எழுப்பி, "ஏலே, அந்தப் பக்கம் சோலி இருக்குல்ல, வெரசாப் போய் நோட்டை மாத்திட்டு வா" என்றேன். அன்று அவனுக்கு அந்தப் பக்கம் சோலி எதுவும் இல்லை. இருந்தாலும் போனான். அந்த வளைவில் போனுக்கு சிக்னல் கிடையாது. பத்து மணிக்கு அம்மா அடுப்படியில் விழுந்தார். கொடைக்கானலில் பார்த்துவிட்டுக் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. உள் டப்பாவில் ஓட்டை இருந்ததால் அதையும் ஒட்டிக் காயவைத்துவிட்டு அவன் திரும்பியபோது, வாசலில் பெஞ்சு போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது.

நான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "பெத்தவ சாகுறப்ப இவன் குப்பை டப்பாவத் தொடச்சுக்கிட்டு இருந்திருக்கான். ஒரே ஆம்பளப் புள்ள, ஒரு வாய்த் தண்ணி ஊத்தலை."

அவன் என்னைப் பார்த்தான். போகச் சொன்னது நீதானே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் எல்லா வேலையும் பார்த்தான். மறுநாள் வெள்ளனே ஜீப் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். போன் நம்பர் செத்துவிட்டது. போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது, முப்பது வயசு ஆள் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கார், தானா வருவார், போங்கம்மா என்றார்கள்.

அதற்கு எட்டு மாதம் கழித்து, நோட்டு மாற்றலாம் என்று டப்பாவைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்து இருந்தது. விளையாட்டுக்கு அவன் வைத்துக்கொண்ட பெயர், தேதி, வேறு ஒரு வார்த்தை இல்லை. இணையத்தில் அவன் எதுவும் எழுதவில்லை. நோட்டில் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த ஈரக் கையாலையில் உட்கார்ந்து நான் அன்றைக்கு அழுத அழுகையை அம்மாவுக்குக்கூட அழுததில்லை.

அதன் பிறகு மாதம் ஒரு முறை போவது வழக்கமானது. பஸ்ஸில் போய் இறங்கி, அட்டை கடிக்கக் கடிக்க நின்று டப்பாவைத் திறந்து பார்ப்பேன். அவன் கையெழுத்துக்குக் கீழே, "வீட்டுக்கு வாடா" என்று எழுதி வைத்தேன். ஏழெட்டு மாதம் ஆனது. அதற்கும் கீழே மறுபடி அவன் கையெழுத்து மட்டும். நான் எழுதியதைப் படித்திருக்கிறான், பதில் சொல்ல ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டான். அவனுக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். போகச் சொன்னது நான்தான் என்று நான் சொல்ல வேண்டும். இதை இணையத்தில் அவனுக்குச் செய்தியாக அனுப்ப எத்தனையோ தடவை டைப் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டு, "எங்கதான் இருக்கே, மனுசங்க உயிரோட இருக்கோமா செத்தோமான்னு பாக்க மாட்டியா" என்று திட்டித்தான் அனுப்பியிருக்கிறேன். என் வாய் அப்படி.

மூன்றாம் வருடம் முழுக்க நோட்டில் அவன் கையெழுத்து இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய், நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். "அன்னிக்கு உன்னைப் போகச் சொன்னது நான். பழியை உன் மேல போட்டதும் நான். யார் யார் முன்னாடி கத்தினேனோ அத்தனை பேர் முன்னாடியும் இதைச் சொல்றேன். நீ வா." இன்னும் நிறைய எழுதியிருந்தேன். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதி முடித்து, டப்பாவை மூடி, சந்தில் வைத்தேன். இனி அவன் வந்து திறப்பதுதான் பாக்கி என்று இருந்தது.

அவனாக எப்போது வருவான் என்று காத்திருக்கத்தான் பொறுமை இல்லை. இந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வருடத்தில் ஓரிரு தடவை ஓரிடத்தில் கூடி, டப்பா தேடுவதோடு அங்குள்ள குப்பையையும் பொறுக்குவார்கள். இணையத்தில் முன்கூட்டியே அறிவித்தால் சுற்றுவட்டாரத்தில் விளையாடுகிற எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். அவனுக்கும் போகும். அந்த வளைவுச் சாலையைச் சுத்தம் செய்கிறோம், மதியம் டப்பா தேடுகிறோம் என்று அறிவித்தேன். அவன் டப்பா இருக்கிற இடத்துக்கு ஊரைக் கூட்டினால் ஒரு தடவையாவது எட்டிப் பார்ப்பான் என்பது என் கணக்கு.

காலை ஒன்பது மணிக்கு, அந்த வளைவுக்கு முன்னால் வருகிற சின்னப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கூடினோம். மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நானூறு டப்பா கண்டுபிடித்தவராம். பெங்களூர்க் கணவன் மனைவி எல்லோருக்கும் கையுறை வாங்கி வந்திருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை, வண்டி மோதிவிடாமல் அவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்து நன்றி சொன்னார்கள்.

குப்பை பொறுக்கப் பாலம் வரைக்கும் போதும் என்று சொல்லியிருந்தேன். டப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம். ஏன் பாலத்தோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் டப்பா இருக்கிறது, குப்பை மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டால் மதியம் தேடுவதற்கு என்ன இருக்கிறது? டப்பா வைத்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்டத்தில் எழுதப்படாத சட்டம். அந்த நாளில்கூட அதை விடாமல் கடைப்பிடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பதினாலு சாக்கு நிறைந்தது. நான் பேசி வைத்திருந்த பிக்கப் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். பிறகு எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு டப்பா தேடப் போனார்கள். நான் போகவில்லை. வந்தவர்கள் கையெழுத்துப் போடும் தாளை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பது கையெழுத்து விழுந்திருந்தது. பத்தாவது வரியைக் காலியாக விட்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து மதுரைக்காரர் வியர்த்து வந்தார்.

"நானூறு பாத்தவன்மா நான். இப்படி ஒளிச்சு நான் பாத்ததில்ல. ஒம்பது பேரு தேடுறோம், ஆப்படலையே" என்றார் சந்தோஷமாக.

தாளைக் கையில் சுருட்டிக்கொண்டேன். எழுந்து ஓடினேன். சந்து காலியாக இருந்தது. சுற்றிலும் ஒரு மிட்டாய்க் காகிதம் இல்லாமல் அவ்வளவு சுத்தம்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் யாராவது வந்தீங்களா?"

"நாந்தாம்மா. பாலத்தோட நிறுத்த மனசு வரல. வளைவு வரைக்கும் பெருக்கி எடுத்துட்டேன். கல்லுக்குள்ள சொருகியிருந்த ஆயில் டப்பாவைக்கூட விடல" என்றார் பின்னாலேயே வந்த மதுரைக்காரர்.

பெங்களூர்க்காரரின் காரில் பிக்கப்பைத் துரத்திக்கொண்டு போனோம். வழியிலேயே பிக்கப் டிரைவர் திரும்பி வந்துகொண்டிருந்தான். விலைக்குப் போகிற பாட்டிலை எல்லாம் பிரித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பள்ளத்தில் கொட்டிவிட்டதாகச் சொன்னான். பள்ளத்துக்குப் போனால், கொட்டியதோடு நெருப்பும் வைத்திருந்தான். அங்கே எப்போதும் அப்படித்தான் செய்வார்களாம். ஆயில் ஊறிய டப்பா முதலில் பிடித்திருக்கும். நான் குச்சியை வைத்துக் கிளறினேன். அந்தப் பெங்களூர்ப் பெண் என் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

திரும்பி வந்ததும் மதுரைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "நானூறு டப்பா பாத்த கண்ணுக்கு ஒரு டப்பா தெரியலையா? பாலத்தோட நில்லுங்கன்னா நிக்க மாட்டீங்களா? காது கேக்காதா?" அவர் என் அப்பா வயது. டப்பா போனால் இன்னொரு டப்பா என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவருக்கு வேறென்ன தெரியும்?

"மன்னிச்சுக்கம்மா. வண்டியில புது டப்பா ரெண்டு வச்சிருக்கேன். நோட்டு, பென்சில் எல்லாம் இருக்கு. இப்பவே அதே எடத்துல வச்சிரலாம்."

"உங்க டப்பா யாருக்கு வேணும்? எடுத்துக்கிட்டு எறங்குங்க கீழே."

அவர் கையுறையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பொழுது சாயும் வரைக்கும் நான் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். தம்பி வரவில்லை. ஊர் முன்னால் வைத்து அவமானப்படுத்தப்பட்டவன் இன்னொரு கூட்டத்துக்கு எப்படி வருவான்? இவ்வளவு சின்ன விஷயம் கடைசி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

டப்பா தொலைந்தால், அதை வைத்தவர் உடனே புதிது வைக்க வேண்டும். முடியாவிட்டால் இப்போதைக்கு இல்லை என்று இணையத்தில் குறிக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு போகலாம் என்பேன். ஞாயிறு வந்தால், போய் என்ன ஆகப்போகிறது என்று படுத்துக்கொள்வேன். அந்தப் பக்கத்தை மறுபடி எழுதக் கை வரவில்லை. ஒரு முறை எழுதியதே என் சக்திக்கு மீறியது. சும்மா வெறும் நோட்டை வைப்பதற்கும் மனமில்லை. இப்படியே ஏழு வாரம் ஓடியது.

ஒரு புதன்கிழமை, கடையில் கேரளாக்காரர் ஒருவருக்கு இ-பாஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் வந்து விழுந்தது. தேடிக் கிடைக்காவிட்டாலும் எழுதிவிடுவது எங்கள் ஆட்டத்தில் மரியாதை. டப்பா வைத்தவருக்கு அது போய்ச் சேரும். எழுதியிருந்தது என் தம்பி. மூன்று வருடத்தில் அவன் இணையத்தில் எழுதிய முதல் வரிகள்.

"ஞாயிற்றுக்கிழமை வந்தேன். டப்பா இல்லை. எடுத்துட்டே போல. சரிக்கா. இனி வரலை."

கேரளாக்காரர் வண்டி நம்பரைத் திரும்பச் சொன்னார். நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஜீப் பிடித்துப் போனேன். வழியெல்லாம் போனில் எழுதிக்கொண்டே போனேன். எடுத்தது நான் இல்லை, எரிந்துபோனது, அதில் நான் எழுதியிருந்தது இதுதான், போகச் சொன்னது நான்தான். அத்தனை வருடம் வராத வார்த்தை எல்லாம் பண்ணைக்காடு தாண்டுவதற்குள் வந்துவிட்டது. சிக்னல் போவதற்கு முன்னால் அனுப்பினேன்.

வளைவில் இறங்கிப் பார்த்தேன். சந்தில் ஒன்றும் இல்லை. இருந்தால்தானே பார்ப்பதற்கு, எதற்கு அவ்வளவு தூரம் போனேனோ. எதிர் மேட்டு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்காரப் பெண் ஒருத்தி விறகுக் கட்டோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் தேடுறீங்களா?" என்றாள்.

"வேற யாரு தேடினா?"

"ஞாயித்துக்கெழம ஒரு ஆளுங்க. நல்ல மழை. கொடைகூட இல்ல. இந்தக் கையாலைய ஒவ்வொரு கல்லா எடுத்துப் பாக்குறதும் திரும்ப அடுக்குறதுமா இருந்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் நான் சோறு பொங்குறப்ப பாத்தேன். பொழுது சாய வெறகெடுக்க வாறப்பவும் நின்னாரு. என்னய்யா தொலச்சேன்னு கேட்டேன். எங்க அக்கா எனக்கு ஏதாச்சும் எழுதி வச்சிருக்கும், அதான் பாக்குறேன்னாரு."

அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். வளைவு முழுக்க, இருபதடி நீளத்துக்கு, கையாலைக் கல் எல்லாம் பாசி உரிந்து கிடந்தது. ஒரு கல்கூடத் தாறுமாறாக இல்லை. எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்திருந்தான்.

அன்று ராத்திரி பார்த்தபோது என் செய்தி போன இடத்தில் அவன் கணக்கு இல்லை. அழித்துவிட்டிருந்தான். படித்துவிட்டு அழித்தானா, படிக்காமலே அழித்தானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மதுரைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார், அதே புது டப்பாவை கூரியரில் அனுப்பியும் வைத்தார். அதைக் கொண்டுபோய் அந்தச் சந்தில் வைத்து வருடம் ஒன்றாகிறது. நோட்டில் சென்னைக்காரர்கள், ஜெர்மன்காரர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், ஆனால் அவனுக்காக இல்லை. இனி வரலை என்று அவன் எழுதிவிட்டான். ஒரு தடவை சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கி வர எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.